வரலாறு கற்பித்த கார்ட்டர் உட்சன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களைக் கறுப்பின வரலாற்றுத் திங்கள் என்று கொண்டாடுகின்றனர். பள்ளிச் சுவர்களில் பெரியோர் படங்களைத் தொங்கவிடுவர், சிறுவர் சிறுமியர் நாடகம் நடிப்பர், கட்டுரை எழுதுவர். இவ்வழக்கம் அரசாங்கம் பிறப்பித்த ஆணையால் தோன்றியது அன்று. இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த ஒருவர், பிற்காலத்தில் பெரும்புலமை எய்தி, தம் கைப்பொருளையும் வாழ்நாளையும் செலவிட்டுத் தொடங்கி வைத்த ஒரு வார விழாவே இவ்வாறு ஒரு திங்களாக வளர்ந்துள்ளது. அவர் பெயர் கார்ட்டர் காட்வின் உட்சன்.

ஊரை விட்டு வந்து வாழும் நாம், நம் பிள்ளைகள் பள்ளியில் எதைப் படிக்கின்றனர், எதைப் படியாமலே வளர்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. நம் கவலை சிறிது; உட்சனார் கண்ட துன்பமோ மிகப் பெரிது. இரண்டையும் ஒரு தராசில் வைத்து நிறுக்க நாம் துணியவில்லை. ஆயினும், அவ்வெண்ணமே இப்பெரியாரின் வாழ்க்கையை நாடிப் படிக்க நம்மைத் தூண்டியது என்பதை மறைப்பானேன்?

1875ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்தில் நியூ கேண்டன் என்னும் சிற்றூரில் உட்சன் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஹென்றி. தாயார் ஆன் எலிசா. இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். அதன் பின் பத்தாண்டுகளே கழிந்திருந்தன. போருக்கு முன் வர்ஜீனியாவில் அடிமைகளைக் கூட்டி எழுத்தறிவிப்பது சட்டப்படி குற்றம். ஆகவே, தச்சுத் தொழிலும் உழவும் நன்கறிந்த தந்தையார் எழுதப் படிக்க அறியாதவராகவே இருந்தார். பிள்ளைகள் பலர் நிறைந்த வீடு, வறுமைக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் ஆண்டுக்கு நான்கைந்து திங்களே நடைபெறும். அதற்கும் வயல் வேலை போக எஞ்சிய நாள்களிலேதான் செல்ல இயலும். அங்கு ஆசிரியராய் இருந்தவர்கள் சிறுவனின் தாய்மாமன்மார் இருவர். பள்ளியில் கற்ற எழுத்தைச் சிறுவன் வீட்டில் உடனே பயன்படுத்தினான். கிடைத்த பழைய செய்தித்தாள்களைத் தந்தைக்குப் படித்துக் காட்டினான். தன்மதிப்பை விற்று ஊதியம் பெறலாகாது என்பது அத்தந்தையார் பிள்ளைகளுக்கு வலியுறுத்திய பாடம். எழுத்தறியாத ஒருவரிடம் தாம் கற்ற இப்பாடத்தை, பல்கலைக்கழகங்கள் மூன்றைக் கண்ட பின்னரும் உட்சன் மறந்தாரில்லை.

வயது பதினேழு அளவில், உடன்பிறந்தானோடு மேற்கு வர்ஜீனியாவுக்குச் சென்றார். அங்கு ஹண்டிங்டன் நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென டக்ளஸ் உயர்நிலைப்பள்ளி இருந்தது. அதில் சேர்வதே அவர் நோக்கம். ஆனால் வயிறு ஒன்று இருக்கின்றதே! பேயட் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கி வேலை செய்யலானார். பள்ளிக்கு வந்தவர் பாதாளத்திற்குச் சென்ற கதையாயிற்று.

எனினும், அப்பாதாளத்தருகிலேயே அவருக்கு வேறொரு பள்ளி வாய்த்தது. ஆலிவர் ஜோன்ஸ் என்னும் சுரங்கத் தொழிலாளி, உள்நாட்டுப் போரில் படைவீரராக இருந்தவர். தம் இல்லத்திலேயே பழமும் பனிக்கூழும் விற்று வந்தார். வேலை முடிந்து வரும் கறுப்பினத் தொழிலாளர் மாலை நேரத்தில் அங்கே கூடுவர். ஜோன்ஸ் எழுத்தறியாதவர், ஆயினும், கறுப்பினத்தார் எழுதிய நூல்களையும் செய்தித்தாள்களையும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் நிரப்பி வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர் நூல் வாங்கிச் சேர்த்த இந்த அருமையை நாம் எங்கும் கேட்டதில்லை. படிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் வந்துவிட்டான் என்று அறிந்ததும் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். உட்சன் நாள்தோறும் செய்தித்தாளை உரக்கப் படிக்க வேண்டும். அதற்குக் கூலி, வேண்டிய அளவு பழமும் பனிக்கூழும்.

படித்த பின் விவாதம் தொடங்கும். வரி, நாணயம், தேர்தல் என்று நாட்டு நடப்பு அனைத்தும் அங்கே அலசப்படும். கூடியிருந்தோருள் ஜோன்ஸைப் போலவே போர்க்களம் கண்டவர் சிலர். தம் மக்களின் விடுதலைக்காகத் தாமே துப்பாக்கி ஏந்தியவர்கள். அவர்கள் வாய்மொழியாகக் கேட்ட செய்திகளைப் பின்னாளில் பெரும் பல்கலைக்கழகத்து நூல்களில் உட்சன் தேடினார், காணவில்லை. விடுதலை என்பது வெள்ளையர் வழங்கிய கொடை என்றே அந்நூல்கள் கூறின; போரிட்டவர் கறுப்பருள்ளும் உண்டு என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை. சுரங்கத் தொழிலாளர் அறிந்திருந்த ஒன்றைப் பேராசிரியர்கள் அறியாதது எவ்வாறு என்னும் வினா அவர் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது.

1895இல், இருபதாம் அகவையை எட்டும் நிலையில், டக்ளஸ் பள்ளியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் தேறினார். அவர் மாணவராய் இருந்த 1896ஆம் ஆண்டில்தான், வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பது அரசமைப்புக்கு மாறானதன்று என்று அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தை தனிப்பள்ளியிலேயே பயில வேண்டியதாயிற்று. வினோனா என்னும் இடத்தில் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு கற்பித்துவிட்டு, 1900இல் தாம் பயின்ற டக்ளஸ் பள்ளிக்கே உட்சன் தலைவரானார். இடையிடையே கெண்டகி மாநிலத்துப் பெரியா கல்லூரியில் பயின்று 1903இல் பட்டம் பெற்றார். இருநிறத்தாரும் ஒன்றாய் அமர்ந்து கற்ற கல்லூரி அது. அடுத்த ஆண்டே அதைத் தடுக்க அம்மாநிலம் சட்டம் இயற்றிற்று.

1903இல் அமெரிக்க அரசாங்கம் அவரைப் பிலிப்பைன் தீவுகளுக்கு ஆசிரியராக அனுப்பியது. இப்பகுதி சற்று விரித்துரைக்கத் தக்கது. அத்தீவுகளை அமெரிக்கா கைப்பற்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்காவிலிருந்து பாடநூல்கள் கப்பலேறி வந்தன, ஆசிரியர்களும் வந்தனர். ஆப்பிள் மரத்தை உலுக்கிப் பழம் பறிக்கும் பாட்டை அவர்கள் குழந்தைகளுக்குக் கற்பித்தனர். அக்குழந்தைகளோ ஆப்பிளைக் கண்ணாலும் கண்டவர்கள் அல்லர்! கற்பிக்கும் கலையில் பட்டம் பெற்றோர் பலர் இவ்வாறு இடர்ப்பட்டுத் தோற்றனர். ஆசிரியப் பயிற்சியே பெறாத ஒருவர் மட்டும் வேறு வழி கண்டார். ஆப்பிளை நீக்கிவிட்டு, அவ்வூர்ப் பிள்ளைகள் நாள்தோறும் ஏறி உலுக்கும் லொம்பாய் மரத்தைப் பாட்டில் வைத்தார். அமெரிக்கத் தலைவர்களின் கதைகளுக்கு மாறாக, அந்நாட்டு வீரர் ஹோசே ரிசாலின் வாழ்க்கையிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். குழந்தைகளின் முகம் மலர்ந்தது. லொம்பாய் என்பது வேறொன்றும் அன்று. நம் நாவல் மரமே அது. நாவற்பழத்தால் நா ஊதா நிறம் பெறாத சிறுவர் நம்மூரில் உண்டோ? உட்சன் இந்நிகழ்ச்சியை முப்பது ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்து, 1933இல் தாம் எழுதிய புகழ்பெற்ற நூலில் பதிவு செய்தார். தம் நாட்டுக் கறுப்பினக் குழந்தைகளுக்கும் காணாத ஆப்பிளே ஊட்டப்படுகின்றது என்பதை அவர் தெளிந்தது அத்தீவுகளில்தான் என்று நாம் கருதுகின்றோம்.

பின்னர் ஆசிய, ஐரோப்பிய நாடுகளில் பயணம். பாரிஸில் சிறிது காலப் படிப்பு. 1908இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம். 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு வரலாற்றில் டாக்டர் பட்டம் அளித்தது. கறுப்பினத்தாருள் அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டம் பெற்றவர் அவருக்கு முன் ஒருவரே. டுபாய்ஸ் என்னும் பேரறிஞர். அடிமைப் பெற்றோர்க்குப் பிறந்து வரலாற்றில் டாக்டர் பட்டம் பெற்றவர் உட்சன் ஒருவரே. அங்கே அவருக்குக் கற்பித்த பேராசிரியர்களுள் எட்வர்டு சானிங் என்பவர் புகழ் மிக்கவர்; கறுப்பினத்தார்க்கு வரலாறு என்று ஒன்று இல்லை என்பது அவர் கொள்கை. மறுப்பதானால் சான்று காட்ட வேண்டும் என்பதும் அவர் நிலை. உட்சன் அதனை ஓர் அறைகூவலாக ஏற்றுக்கொண்டார் என்றே கூற வேண்டும்.

டாக்டர் பட்ட ஆராய்ச்சி முடியும் முன்னரே, தலைநகர் வாஷிங்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்குரிய எம் தெரு உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியரானார். பகலில் பிரெஞ்சும் ஸ்பானிய மொழியும் வரலாறும் கற்பிப்பார். ஓய்வு நேரங்களில் நாடாளுமன்ற நூலகத்திற்கு விரைவார். அங்குதான் சட்டங்கள், நீதிமன்றப் பதிவுகள், பழைய கடிதங்கள் ஆகியவற்றில் தம் மக்களின் சுவடுகளைக் கண்டார்.

1915ஆம் ஆண்டு இருவகையில் நினைக்கத் தக்கது. அவ்வாண்டு 'ஒரு நாட்டின் பிறப்பு' என்னும் திரைப்படம் வெளிவந்தது. முகமூடி அணிந்து கறுப்பரைக் கொன்று திரிந்த கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரை வீரர்களாகக் காட்டிய படம். குடியரசுத் தலைவரின் மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், சிகாகோ நகரில் வாபாஷ் தெருவிலுள்ள இளைஞர் சங்கக் கட்டடத்தில், ஒருசில நண்பர்களுடன் கூடி, நீக்ரோ மக்களின் வாழ்க்கையையும் வரலாற்றையும் ஆராயும் கழகம் ஒன்றை உட்சன் நிறுவினார். நீக்ரோ என்னும் சொல்லை இன்று அம்மக்கள் விரும்புவதில்லை. அக்காலத்தில் அதுவே மதிப்புடைய சொல்லாய் வழங்கியதால், பழைய பெயர்களில் மட்டும் அதனை நாமும் விட்டு வைத்துள்ளோம். 1916 ஜனவரியில் கழகத்தின் ஆராய்ச்சி இதழ் தம் சொந்தப் பொறுப்பில் வெளிவரச் செய்தார். கையில் பணமில்லாமல் இதழ் தொடங்குவது அறிவுடைமை ஆகுமா என்று நாமாயின் தயங்குவோம். அவர் தயங்கவில்லை, இதழும் நிற்கவில்லை. பெயர் சற்று மாறி இன்றும் வெளிவருகின்றது.

1919 ஜூலையில் வாஷிங்டன் நகரில் இனக்கலவரம் மூண்டது. ஓரிரவு வீடு திரும்பிக்கொண்டிருந்த உட்சன், வெள்ளையர் கும்பல் ஒன்று வருவதைக் கண்டு ஒரு கடையின் முகப்பிருளில் ஒதுங்கினார். அவர் கண் முன்னே அக்கும்பல் கறுப்பர் ஒருவரைப் பிடித்துத் தூக்கிச் சுட்டது. ஹார்வர்டு கண்ட அறிஞர் இருளில் மூச்சடக்கி நின்றார். வேறு என் செய்ய முடியும்? பின்னாளில் அவர் ஓயாது வலியுறுத்திய கருத்து ஒன்று உண்டு. விசாரணையின்றி மனிதரைக் கொல்லும் கொடுமை தெருவில் தொடங்குவதன்று, வகுப்பறையில் தொடங்குவது என்பதே அது. இக்குலத்தார் எதையும் சாதிக்கவில்லை, எதற்கும் உரியரல்லர் என்று வெள்ளைக் குழந்தைக்குக் கற்பித்துவிட்டால், அக்குழந்தை வளர்ந்து அவ்வாறே நடக்கும். அப்பாடத்தையே கறுப்புக் குழந்தையும் படித்தால், தன்னைத் தானே இகழக் கற்றுக்கொள்ளும். எனவே இருசாரார்க்கும் மெய்யான வரலாறு வேண்டும். கறுப்பர்க்கெனத் தனி வரலாறு படைப்பதும் அவர் நோக்கமன்று. உலக வரலாற்றில் கறுப்பினத்தார்க்குரிய இடத்தைக் காட்டுவதே அவர் வேண்டியது.

இதன் பொருட்டு 1922இல் 'நம் வரலாற்றில் நீக்ரோ' என்னும் பாடநூலை வெளியிட்டார். ஆப்பிரிக்காவின் பழைய அரசுகள் முதல் தம் காலம் வரை அதில் விரித்துரைத்தார். அத்தகைய நூலை அச்சிட வெள்ளையர் பதிப்பகங்கள் முன்வாராமையால், முன்னரே தாமே ஒரு பதிப்பகம் நிறுவியிருந்தார். அந்நூல் பட்ட பாடும் கேட்கத் தக்கது. ஓக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி நகரில் கறுப்பினப் பள்ளியொன்று அதனைப் பயன்படுத்துவதை 1925இல் கண்டறிந்த கல்விக் குழுவினர், நூலைப் பறிமுதல் செய்தனர். பள்ளித் தலைவரைப் பதவி விலகச் செய்தனர். 1930களில் லூயிசியானா மாநிலத்துப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியை ஒருவர் வேறொரு முறையைக் கையாண்டார். மேசை மீது அரசாங்கப் பாடத்திட்டம் விரிந்திருக்கும். மடியில் உட்சனின் நூல் இருக்கும். மடியிலிருப்பதைப் பார்த்தே பாடம் நடத்துவார். தலைமை ஆசிரியர் வரும்போது கண்ணை உயர்த்தி மேசையிலிருப்பதைப் படிப்பார். மாணவர்கள் இரண்டையும் கண்டனர். ஒருவரும் வெளியே கூறவில்லை. வரலாறு கற்பிக்க இத்தனை அச்சம் வேண்டியிருந்தது என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நடுங்குகின்றது.

1926 பிப்ரவரியில் முதல் வரலாற்று வார விழா நடைபெற்றது. அடிமைத் தளை நீக்கிய லிங்கன் பிறந்தது பிப்ரவரி 12; அடிமையாய்ப் பிறந்து பெரும் பேச்சாளராய் உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ் தம் பிறந்த நாள் அறியாதவராதலின், 14ஆம் நாளை அவர்க்கு உரியதாகக் கொண்டனர். மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்த இவ்விரு நாள்களையும் உள்ளடக்கிய வாரத்தை உட்சன் தேர்ந்தெடுத்தார். புதிய விழாவைப் புகுத்துவதினும் பழைய விழாவை விரிவாக்குவது எளிது என்பதை அவர் அறிந்திருந்தார். சங்கம் நடத்துவோர் இதனை உணர்வர். வட கரோலினா, டெலவேர், மேற்கு வர்ஜீனியா ஆகிய மாநிலங்களின் கல்வித் துறைகளும், வாஷிங்டன், பால்டிமோர் நகரப் பள்ளி ஆட்சியினரும் தொடக்கத்திலேயே ஒத்துழைத்தனர்.

வெறும் சொற்பொழிவோடு விழா கழிந்துவிடலாகாது என்பதில் அவர் கண்ணுங் கருத்துமாய் இருந்தார். ஆசிரியர்க்கு வேண்டிய படங்கள், பாடக் குறிப்புகள், சிறுவர் நடித்தற்குரிய நாடகங்கள், நாள்தோறும் செய்ய வேண்டுவன பற்றிய குறிப்பு எல்லாம் கட்டாகக் கட்டி அனுப்பப்பட்டன. ஆண்டு முழுதும் கற்பித்ததை அவ்வாரத்தில் மாணவர் ஊரார்க்குக் காட்ட வேண்டும் என்பதே அவர் கருத்து. ஒரு வாரம் விழாவெடுத்துவிட்டு ஐம்பத்தொரு வாரம் மறந்துவிடுவோரை அவர் கடிந்தார். விழாவைக் காட்டி ஆதாயம் தேடிய போலிப் பேச்சாளர்களையும் நூல் விற்போரையும் எச்சரித்தார். காலப்போக்கில் அவ்வாரமே தேவையற்றதாகிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

1937இல் மேரி மெக்லியாட் பெத்யூன் அம்மையாரின் தூண்டுதலால், பள்ளி ஆசிரியரும் சிறுவரும் படித்தற்கென எளிய இதழ் ஒன்றையும் தொடங்கினார். அவ்வம்மையார் கழகத்தின் தலைவராகவும் விளங்கினார்.

இத்துணைப் பணிக்கும் பொருள் ஏது? தொடக்கத்தில் வெள்ளைச் செல்வர்களின் அறக்கட்டளைகள் உதவின. கார்னகி நிறுவனமும் ராக்பெல்லர் குடும்பத்து அறக்கட்டளை ஒன்றும் ஆளுக்கு 25,000 டாலர் அளித்தன. ஆனால் பொருள் தருவோர் கருத்துக்கு இணங்க உட்சன் உடன்படவில்லை. தம் கழகத்தைப் பெரிய கல்லூரியொன்றோடு இணைக்கவும் இசையவில்லை. 1930களில் அவ்வூற்று வறண்டது. பிறகு கழகத்தைத் தாங்கியவர்கள் கறுப்பின ஆசிரியரும் திருச்சபையாரும் சங்கத்தாரும் அனுப்பிய சிறு தொகைகளே.

அவர் குணத்தில் குறையே இல்லை என்று புகல்வது நம் நோக்கமன்று. முன்கோபி, தம்மைப் போலவே பிறரும் இரவு பகலாய் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். ஹவார்டு பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவராய் அமர்ந்த அவர், அதன் தலைவரோடு பிணங்கி ஓராண்டிலேயே வெளியேறினார். புகழ்பெற்ற கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இளமையில் அவரிடம் எழுத்தராய் இருந்தார். 1830ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத் தலைவர் முப்பதாயிரம் பேரின் பெயர்களை அகர வரிசைப்படுத்தும் வேலையில் கண் பூத்துப்போய், உணவு விடுதியில் தட்டு எடுக்கும் வேலையே மேலென்று கவிஞர் சென்றுவிட்டார்! உட்சன் மணம் புரியவில்லை. வாஷிங்டனில் ஒன்பதாம் தெரு 1538ஆம் எண் வீட்டை 1922இல் வாங்கினார். கீழே பதிப்பகம், நடுவே அலுவலகம், மேலே உறைவிடம். அலுவலகத்தைத் துடைப்பதும் கட்டுக் கட்டுவதும் அவரே செய்வதுண்டு.

1950ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், அவ்வீட்டில் மாரடைப்பால் அவர் மறைந்தார். அகவை எழுபத்து நான்கு. நெடுநாள் முயன்ற ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் முற்றுப்பெறவில்லை. பள்ளிகளில் நிறம் பற்றிய பிரிவினை அரசமைப்புக்கு மாறானது என்று தலைமை நீதிமன்றம் 1954இல் வழங்கிய தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. 1976இல் வாரம் திங்களாக விரிந்து, குடியரசுத் தலைவர் போர்டின் ஏற்பையும் பெற்றது. வாரமே வேண்டாத காலம் வர வேண்டும் என்று விரும்பியவர் இதனைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பாரா, வருந்தியிருப்பாரா என்று நம்மால் துணிய இயலவில்லை.

ஏனெனில் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2021 முதல் அமெரிக்க மாநிலங்கள் பல, பள்ளிகளில் இனவேற்றுமை பற்றி எவ்வாறு கற்பிக்கலாம், எவ்வாறு கற்பிக்கலாகாது என்று வரையறுக்கும் சட்டங்களை இயற்றியுள்ளன. மஸ்கோகி நகரைத் தன்னகத்தே கொண்ட ஓக்லஹோமாவும் அவற்றுள் ஒன்று. 2023 ஜனவரியில் புளோரிடா மாநிலம், உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கென வகுக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர் பற்றிய பாடத்திட்டத்தை ஏற்க மறுத்தது. உட்சனின் முதல் நூல் 1915இல் வெளிவந்தது. அடிமைகளுக்கு எழுத்தறிவிக்கலாகாது என்று விதித்த சட்டங்களையும், அவற்றை மீறி மறைவாய்க் கற்ற மக்களையும் பற்றிய நூல் அது. ஒன்பதாம் தெரு வீடு 2006 முதல் தேசிய வரலாற்றுத் தலமாய்ப் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.